காலையில் வாசித்ததை மாலைக்குள் செய்ய: நற்செய்தியோடு நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேதாகமம் புதுசில்லை. கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் வேலை 1895-இல் தொடங்கியது. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997-இல். அதற்கு வெகுகாலம் முன்பே எலத்தகிரி, கோவிலூர் போன்ற ஊர்களில் கோயில் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு ஒரு வேதாகமம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ தவறுவதில்லை. ஜனவரி முதல் தேதி, ஓராண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணை ஒன்று பீரோ கதவில் ஏறும். லேவியராகமம் வருகிற வாரத்தில் அது நின்றுபோகும்.

படிப்பது குறைவு என்று நான் நினைக்கவில்லை. படித்தது அன்றைய பகலுக்குள் இறங்குவதில்லை, அதுதான் சிக்கல். மத்தேயு 7:24-27-இல் வீடு கட்டிய இரண்டு பேரைப் பாருங்கள். இரண்டு பேருமே இயேசுவின் வார்த்தையைக் கேட்டவர்கள். இரண்டு வீட்டின் மேலும் ஒரே மழை, ஒரே வெள்ளம். ஒருவன் கேட்டதைச் செய்தான், இன்னொருவன் செய்யவில்லை. வேறு வித்தியாசம் அங்கே சொல்லப்படவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டிக்கு ஒரே விதி: மாலைக்குள் செய்து முடிக்கிற அளவுக்கு மட்டும் காலையில் வாசியுங்கள்.

முதலில் நேரம்

'அதிகாலை நாலு மணி ஜெபம்' எல்லாருக்கும் ஆகாது. ஓசூர் சிப்காட்டில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவருக்குக் கடிகார நேரம் வைத்தால் இரண்டாவது வாரமே உடைந்துவிடும். அதனால் மணியோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள். கம்பெனி பஸ்ஸில் சீட்டு பிடித்து உட்கார்ந்ததும். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து, டீ கொதிக்கும்போது. பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வாசற்படியில். திங்கட்கிழமை விடியற்காலை பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் போனில் ஒலி வேதாகமம் போட்டு ஹெட்செட்டில் கேட்கலாம். கண்ணால் வாசிப்பதற்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. முதல் நூற்றாண்டில் பெரும்பாலானவர்கள் நற்செய்தியைக் காதால்தான் கேட்டார்கள்.

பதினைந்து நிமிடம் போதும். மாற்கு 1:32-35-ஐச் சேர்த்து வாசித்தால் ஒன்று புரியும். முந்தின நாள் இருட்டின பிறகும் வாசலில் நோயாளிகள் கூட்டம். மறுநாள் இருட்டோடு எழுந்து இயேசு தனியிடம் போய் ஜெபிக்கிறார். வேலை குறைந்த பிறகு ஜெபம் என்று அவர் காத்திருக்கவில்லை.

எந்த நூலில் தொடங்குவது

மாற்கு. பதினாறே அதிகாரம். வாய்விட்டுப் படித்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற நூல். முதல் ஞாயிறு மதியம் குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு அதிகாரமாக ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், கதை முழுதாக மனதில் நிற்கும். பிறகு மறுநாளிலிருந்து அதிகாரம் அதிகாரமாக இல்லை, சம்பவம் சம்பவமாக. ஒரு நாளுக்கு ஒரு சம்பவம் என்றால் மாற்கு சுமார் மூன்று மாதம் வரும்.

கத்தோலிக்கர் தினத் திருப்பலியின் நற்செய்தி வாசகத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன: ஒரு ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா, யோவான் இடையிடையே. எந்த மொழிபெயர்ப்பு என்ற பேச்சில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். உங்கள் கோயிலில் வாசிப்பது எதுவோ அது.

வாசிக்கும் முறை

இதில்தான் அவசரப்படக் கூடாது. பகுதியை இரண்டு தடவை, உதடு அசைய வாசியுங்கள். முதல் தடவை கதைக்காக. இரண்டாவது தடவை மூன்றைத் தேடுங்கள்: யார் எங்கே நிற்கிறார், யார் என்ன கேட்கிறார், நான் எதிர்பார்க்காதது எது. மூன்றாவதுதான் பெரும்பாலும் அன்றைக்கு உங்களுக்கு உரியது.

எடுத்துக்காட்டாக மாற்கு 10:35 முதல் 52 வரை. பிரசங்கத்தில் இதை இரண்டாகப் பிரித்துத்தான் கேட்டிருப்போம். யாக்கோபும் யோவானும் பதவி கேட்டது ஒரு ஞாயிறு, எரிகோவில் பர்த்திமேயு பார்வை பெற்றது வேறொரு ஞாயிறு. சேர்த்து வாசியுங்கள். சீடர் இருவரிடமும் இயேசு கேட்கிறார்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? பத்துப் பதினைந்து வசனம் தள்ளி, வழியோரத்தில் பிச்சை எடுக்கும் பார்வையற்றவரிடமும் அதே கேள்வி. கூடவே நடந்த இருவரும் வலப்பக்கம் ஒரு இருக்கை, இடப்பக்கம் ஒரு இருக்கை கேட்டார்கள். தெருவில் கிடந்தவர் பார்வை கேட்டார்.

இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள். பர்த்திமேயு கத்தும்போது 'சும்மா இரு' என்று அதட்டியது கூட்டம். இயேசு நின்று அவரைக் கூப்பிடச் சொன்னதும், 'தைரியமாக இரு, உன்னைக் கூப்பிடுகிறார்' என்று சொன்னதும் அதே கூட்டம்தான். (கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் நன்றாகத் தெரிந்த கூட்டம்.) எழுந்தபோது மேலாடையை எறிந்துவிட்டு எழுந்தார், பிச்சைக்காரருக்கு அதுதான் சொத்து. பார்வை வந்ததும் இயேசு சொன்னது 'போகலாம்' என்று. அவர் போகவில்லை, இயேசுவுக்குப் பின்னால் வழியில் நடந்தார். அந்த வழி எருசலேமுக்குப் போகிறது, அடுத்த அதிகாரத்திலேயே.

இவ்வளவும் பதினெட்டு வசனத்துக்குள் இருக்கிறது. விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை, இரண்டு தடவை மெதுவாக வாசித்தாலே கிடைத்துவிடும்.

நம் மண்ணும் சில இடங்களில் விளக்கவுரைதான். விதைப்பவர் உவமையை (மாற்கு 4) மானாவாரிக் கொல்லையில் ராகி விதைக்கிறவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பாறைமேல் நாலு விரல் மண் இருக்கிற இடத்தில்தான் பயிர் முதலில் முளைக்கும், வெயில் ஏறினால் முதலில் காய்வதும் அதுதான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கூட்டத்தில் கண்ணீரோடு தீர்மானம் எடுத்து அடுத்த வாரமே காணாமல் போகிறவர்களைப் பற்றி இதைவிட யாராலும் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஜெபம்

வாசித்த பகுதியிலிருந்தே ஜெபிக்கத் தொடங்குங்கள். பர்த்திமேயுவை வாசித்த காலையில் 'எனக்கு என்ன வேண்டும்' என்று இயேசுவிடம் நேராகச் சொல்லலாம். கடன் அடைய வேண்டும் என்றால் அதையே சொல்லுங்கள். அலங்கார வார்த்தை வேண்டாம். மத்தேயு 6:7-இல் அதிக வார்த்தை பேசுவதைப் பற்றி அவர் எச்சரித்த பிறகுதான் கர்த்தர் கற்பித்த ஜெபமே வருகிறது.

அந்த ஜெபத்தைத் தினமும் ஒருமுறை மிக மெதுவாகச் சொல்லுங்கள். அதை முடித்ததும், அதில் உள்ள ஒரே ஒரு விண்ணப்பத்தை மட்டும் இயேசு திரும்ப எடுத்து அழுத்திச் சொல்கிறார்: நீங்கள் மன்னித்தால் மன்னிக்கப்படுவீர்கள், மன்னிக்காவிட்டால் இல்லை (6:14-15). அப்பத்தைப் பற்றியோ சோதனையைப் பற்றியோ அப்படித் திரும்பச் சொல்லவில்லை. கத்தோலிக்கர் சொல்கிற ஜெபமாலையிலும் இந்த ஜெபம்தான் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் வருகிறது. வேகத்தில் அது கரைந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு செயல், ஒரு பெயர், ஒரு மாலை

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். வாசிப்பு முடிந்ததும் அதில் ஒரே ஒரு வரி. 'இன்று எல்லாரிடமும் அன்பாக இருப்பேன்' என்று எழுதினால் அதை அடித்துவிடுங்கள், அது செயல் இல்லை. செயல் என்றால் அதில் ஒரு ஆளின் பெயர் இருக்கும், ஒரு இடம் இருக்கும், மாலையில் 'செய்தேன், செய்யவில்லை' என்று சொல்ல முடியும்.

மாற்கு 1:29-31: காய்ச்சலில் படுத்திருந்த சீமோனின் மாமியாரை இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். அன்றைய வரி: மருமகளோ மகனோ வேலைக்குப் போனபின் தனியாகக் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பத்து நிமிடம் உட்கார்வது. மாற்கு 2:1-12: திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அன்றைய வரி: டயாலிசிஸுக்குத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரை ஒரு தடவை நம் வண்டியில் கொண்டுபோய் விடுவது. அந்த நாலு பேரின் பெயர் நற்செய்தியில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மத்தேயு 20-க்கு வரும்போது இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. காலையில் டிபன் பாக்ஸும் கரண்டியுமாகக் கூலிக்காக நிற்கிறவர்களை ஓசூரில் பார்க்காதவர் யார்? திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் ஒருமுறை, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் வந்து ஆள் எடுக்கிறார். ஐந்து மணி ஆட்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்னது: எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சோம்பேறிகள் என்று அவர் முடிவு கட்டவில்லை. நீங்கள் மேஸ்திரி என்றால் அன்றைய வரி எளிது: எப்போதும் கடைசியாக விடுபடுகிற அந்த வயதானவரை நாளைக்கு எடுப்பது, கூலியை அன்றைக்கே கையில் கொடுப்பது. தக்காளி வியாபாரி என்றால் எடையில் கழிவு எடுக்கும் பழக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். இந்த வகை வரிகள் கையில் காசு குறைய வைக்கும், அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

இரவுக் கணக்கு

படுக்கும் முன் ஐந்து நிமிடம். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மச் சோதனை கத்தோலிக்கரிடம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. மற்ற சபையாரும் எடுத்துக்கொள்ள அதில் தடை ஒன்றுமில்லை. நன்றி சொல்லித் தொடங்குவது, ஒளி கேட்பது, பகலை மணி மணியாக ஓட்டிப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு உதவி கேட்பது. நோட்டில் காலை எழுதிய வரிக்கு எதிரில் ஒரு டிக் அல்லது ஒரு கோடு. கோட்டுக்குக் காரணம் எழுத வேண்டாம், காரணம் எழுத ஆரம்பித்தால் நாம் எல்லாரும் வக்கீல்தான்.

கடினமான மூன்று இடங்கள்

இரண்டாவது மாதத்தில் இங்கேதான் வந்து முட்டுவீர்கள்.

முதலாவது, பங்காளிச் சண்டை. மத்தேயு 5:23-24-ஐ நிறைய பேர் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறார்கள். 'உனக்கு உன் சகோதரன்மேல் கோபம் இருந்தால்' என்று அங்கே இல்லை. உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. ஆக, நான் யார்மேல் கோபமாக இருக்கிறேன் என்பது அல்ல கேள்வி. என்னால் நொந்தவர் யார்? வரப்பைத் தள்ளிப் போட்டது, அக்காவுக்குச் சேர வேண்டிய பாகத்தில் கையெழுத்து வாங்கியது, பொதுக் கிணற்றில் முறை மாற்றியது எல்லாம் இதில் வரும். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர், பீடம் எருசலேமில். நடந்து போனால் மூன்று நாள் தூரம். காணிக்கையை அங்கே விட்டுவிட்டு மூன்று நாள் நடந்து ஊருக்கு வந்து ஒப்புரவாகி, மறுபடி மூன்று நாள் நடப்பது! அடுத்த வசனத்திலேயே எதிராளியோடு நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் சமாதானமாகச் சொல்கிறார். பாகப்பிரிவினை வழக்கு ஓடுகிற வீடுகளில் 5:25-ஐச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எப்படித் தொடங்குவது? ஆள் அனுப்பாதீர்கள். மத்தேயு 18:15 முதலில் தனியாகப் போகச் சொல்கிறது. ஒருவர் இருவரைக் கூட்டிப்போவது அதற்கு அப்புறம்தான், சபைக்குச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் வழக்கமாகக் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். 'அண்ணா, அன்னைக்குச் செஞ்சது தப்பு' என்ற ஒரு வாக்கியம் போதும். 'ஆனா நீங்களும்' என்று அடுத்த வாக்கியம் வந்தால் போன வேலை கெட்டது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அடிக்கிற கணவரிடம் திரும்பிப் போவதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் பெண் முதலில் பாதுகாப்பான இடத்துக்கு வர வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது. வசனம் காட்டி அவளைத் திருப்பி அனுப்புகிறவர் நற்செய்திக்கு ஊழியம் செய்யவில்லை.

இரண்டாவது, பணம். ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிக் காணிக்கை ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம் (மாற்கு 12:41-44). அதற்கு முந்தைய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசிப்பவர் குறைவு. அங்கே, நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அந்த வார்த்தை காற்றில் இருக்கும்போதே ஒரு விதவை வந்து தன் பிழைப்பு முழுவதையும் போடுகிறாள். சேர்த்து வாசித்தால், இவள் எப்படி இரண்டு காசுக்கு வந்தாள் என்ற கேள்வி வருகிறது.

நம் கிராமங்களில் இதற்கு இன்றைய முகம் குழு லோன். வாரத் தவணை கட்ட முடியாத ஒரு பெண்ணால் மற்றவர்களும் மீட்டிங்கிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைய வரி: அவளுடைய ஒரு வாரத் தவணையைக் கட்டிவிடுவது, பிறகு அதைப் பற்றிப் பேசாதிருப்பது. லூக்கா 6:35 திரும்ப எதிர்பாராமல் கொடுக்கச் சொல்கிறது; அதனால் திரும்ப வராவிட்டால் நம் வீடு ஆடும் என்கிற தொகையை எடுக்காதீர்கள், ஆடாத தொகையைக் கடனாக இல்லாமல் கொடையாகவே கொடுங்கள். வட்டிக்கு விடுகிற கிறிஸ்தவர்கள் சக்கேயுவை (லூக்கா 19:1-10) வாசிக்க வேண்டும். ஏழைகளுக்குப் பாதிச் சொத்து, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு. இந்தக் கணக்கைச் சொல்லும்படி இயேசு அவரைக் கேட்கவேயில்லை, தங்கத்தான் வந்தார்.

மூன்றாவது, பந்தி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமே சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு ஒரே வீட்டில் களி தின்னத் தயங்குகிறோம். நாம் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு, நல்லதுதான். ஆனால் இயேசு பெரும்பாலும் அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டார். லேவியின் வீட்டில் பந்தியில் இருந்தார், சக்கேயுவின் வீட்டில் தங்கினார். யோவான் 4:40-இல் சமாரியர் ஊரில் இரண்டு நாள் தங்குகிறார். தங்கினால் அவர்கள் சமைத்ததைத்தானே சாப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடுகிறவருக்குத் தன் வீடு, தன் தட்டு, தன் பெருமை. போகிறவருக்கு அது எதுவும் இல்லை. ஆகவே வரி இப்படி இருக்கட்டும்: இதுவரை நான் சாப்பிடாத தெருவில் ஒரு வீட்டில், அவர்கள் கொடுக்கும் டம்ளரில், அவர்கள் கொடுக்கும் தண்ணீர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் கோணும். கோணட்டும்.

கூட்டத்தில் என்ன செய்வது

தனியாக இது மூன்று மாதம் தாங்காது. அன்பியக் கூட்டமோ வீட்டு ஜெபக்கூட்டமோ ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்று வேண்டாம். அதில் முதல் பத்து நிமிடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: போன வாரம் வாசித்த பகுதியில் எது செய்யக் கடினமாக இருந்தது என்று ஆளுக்கு இரண்டு வாக்கியம். கொடுத்த பணத்தைப் பற்றியும் செய்த உதவியைப் பற்றியும் பேசக் கூடாது. மத்தேயு 6:3 அதற்கு இடம் கொடுக்காது. கடினத்தைப் பேசலாம், வெற்றியைப் பேச வேண்டாம். அங்கே சொன்னது வாசலைத் தாண்டக் கூடாது என்பதை முதல் வாரமே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில்தான் பாதி வதந்தி பரவுகிறது.

வீட்டில் மற்றவர் வேறு மதமாக இருந்தால், நோட்டை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். செயல் தெரிந்தால் போதும்.

விட்டுப்போன நாட்கள்

மாங்காய் சீசனில் கூழ் பேக்டரிகளில் வேலை இரவு பகலாக ஓடும். கதிர் அறுப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பரீட்சை. வாசிப்பு நிற்கத்தான் செய்யும். திரும்பி வரும்போது விட்ட பகுதிகளைச் சேர்த்து முடிக்க முயலாதீர்கள், அன்றைய பகுதியிலிருந்து தொடங்குங்கள். மாற்கு 4:26-29-இல் விதைத்தவர் தூங்குகிறார், எழுகிறார். விதை எப்படி வளர்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. அந்த உவமை நான்கு நற்செய்திகளில் மாற்கில் மட்டும்தான் இருக்கிறது.

ஜெபத்தில் எதுவும் தோன்றாத வாரங்களும் வரும். அப்போது வாசிப்பைக் குறைத்தாலும் செயலை மட்டும் விடாதீர்கள். மனம் ஒட்டாமலேயே பாட்டியிடம் பத்து நிமிடம் உட்காரலாம், பாட்டிக்கு அது தெரியப்போவதில்லை.

மாற்கு முடிந்த பிறகு

மத்தேயு 5, 6, 7. மூன்று அதிகாரம், 111 வசனம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை இதை எடுத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு மூன்று வசனம்கூட வராது, மனப்பாடமே செய்துவிடலாம். பிள்ளைகள் சீக்கிரம் முந்திவிடுவார்கள், அது பரவாயில்லை. ஈஸ்டருக்குப் பிறகு லூக்காவின் இருபத்துநான்கு அதிகாரம், கடைசியாக யோவான்.

லூக்காவைத் திறக்கும் முன் ஒரு மாலை நோட்டை எடுத்து, டிக் விழாமல் கோடு மட்டும் விழுந்த வரிகளை எண்ணாமல் பெயர்களை மட்டும் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பெரும்பாலும் அது அண்ணனோ, மாமியாரோ, பழைய கூட்டாளியோ. லூக்காவை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.